நந்தி மலை ஏற எந்தக் கியர்?

கடற்கரைப் பக்கத்திலிருந்து பெங்களூருவுக்கு வரும் எந்தச் சாலையும் எங்கோ ஓரிடத்தில் மலையேறாமல் நகரை வந்தடைவதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் தென்பகுதியில் நகரம் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். சென்னைச் சாலை கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூரை நோக்கிப் படிப்படியாக உயர்கிறது. சேலத்திலிருந்து வரும் சாலை தொப்பூர்க் கணவாயில் ஏறுகிறது. மங்களூருச் சாலை ஷிராடி மலைப்பாதை வழியாகச் சக்லேஷ்பூரை அடைகிறது. சத்தியமங்கலத்திலிருந்து வருபவர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். இப்படி ஏறி வந்து குடியமர்ந்த பிறகும் நகரவாசிகளை மலை விட்டபாடில்லை. வார இறுதியானால் விடியலுக்கு முன்பே நந்தி மலைக்குக் கிளம்பும் கார்களும் பைக்குகளும், நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால் மைசூரு, பந்திப்பூர் வழியாக உதகைக்குச் செல்லும் குடும்பங்களுமாக, பெங்களூருவின் வண்டிகள் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு ஏற்றத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

இத்தகைய ஏற்றங்களில் எந்தக் கியரில் ஓட்டினால் எரிபொருள் மிச்சமாகும் என்ற கேள்விக்கு ஓட்டுநர்களிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. மைலேஜைக் கணக்குப் பார்த்து ஓட்டுபவர்கள், சமவெளியில் டாப் கியரில் குறைந்த சுற்றில் ஓட்டுவதே சிக்கனம் என்று பழகியவர்கள் என்பதால், மலையிலும் முடிந்தவரை மேல் கியரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்பார்கள். மலைப்பாதையில் ஒரு முறையாவது வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்ட அனுபவம் உள்ளவர்களோ, அடிவாரத்திலேயே ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் போட்டுவிட்டு உச்சிவரை மாற்றாமல் போவதே நல்லது என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எரிபொருளைப் பொறுத்தவரை இரண்டுமே இழப்பில் கொண்டுபோய் விடக்கூடியவை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, கியரைத் தொடுவதற்கு முன்பு மலை தன் பங்காக எவ்வளவு கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெங்களூருவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் இருக்கும் நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர் உயரமுடையது. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரத்தில் 500 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், நான்கு பேர் அமர்ந்த ஒரு சிறிய கார், அதாவது மொத்தம் 1,200 கிலோ எடை, அந்த உயரத்தை எட்டுவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 59 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ ஒரு ஜூல் பிடிக்கும். டயர்களின் உருளல் தடையையும் கியர்பெட்டியில் உராய்வால் போவதையும் சேர்த்தால், இன்ஜின் தன் தண்டின் வழியாகக் கொடுக்க வேண்டிய வேலை சுமார் 78 லட்சம் ஜூல் ஆகிறது. இப்போது விற்பனையாகும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில் சுமார் மூன்று கோடி ஜூல் அடங்கியிருக்கிறது. அப்படியானால் கால் லிட்டரில் வேலை முடிந்துவிட வேண்டும் என்று தோன்றும். முடிவதில்லை, ஏனெனில் பெட்ரோல் இன்ஜின் தனக்கு மிகவும் ஏதுவான நிலையில் இயங்கும்போதுகூட எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே வேலையாக மாற்றுகிறது, மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது.

மலை கேட்கும் அந்த 78 லட்சம் ஜூலை எந்தக் கியரும் குறைத்துவிட முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செகண்டில் ஏறினாலும் தேர்டில் ஏறினாலும் உயரம் ஒன்றே, எடை ஒன்றே. கியர் முடிவு செய்வதெல்லாம், அந்த வேலையை இன்ஜின் எத்தனை விழுக்காட்டுத் திறனோடு செய்கிறது என்பதைத்தான்.

இன்ஜின் தண்டு சுழலும்போது திருகித் தள்ளும் வலுவை முறுக்குவிசை என்றும், அது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல்கிறது என்பதை ஆர்.பி.எம். என்றும் குறிப்பிடுவார்கள். இவ்விரண்டையும் பெருக்கிக் கிடைப்பதே இன்ஜின் வேலை செய்யும் வேகம், வழக்கில் குதிரைத்திறன். ஒரே குதிரைத்திறனைக் குறைந்த சுற்றில் மிகுந்த முறுக்குவிசையோடும் பெறலாம், மிகுந்த சுற்றில் குறைந்த முறுக்குவிசையோடும் பெறலாம். இவற்றுள் எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் கருவிதான் கியர்பெட்டி. கீழ் கியரில் இன்ஜின் பல சுற்று சுற்றிச் சக்கரத்தை ஒரு முறை சுழற்றுகிறது, அதனால் சுற்றுக்குச் சுற்று அதன்மேல் விழும் சுமை குறைகிறது. மேல் கியரில் சுற்று குறைந்து சுமை கூடுகிறது.

எரிபொருள் சிக்கனத்தை அளக்கும் பொறியாளர்கள், ஒரு கிலோவாட் மணி நேர வேலைக்கு இன்ஜின் எத்தனை கிராம் எரிபொருளை எடுத்துக்கொள்கிறது என்று கேட்பார்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில், சுமார் 2,000 முதல் 3,000 சுற்றுக்குள், முழு முறுக்குவிசையில் முக்கால் பங்கை ஒட்டிச் சுமை இருக்கும்போது இந்த அளவு 250 கிராம் அளவுக்கு இறங்குகிறது. அதே இன்ஜினில் சுமை மிகக் குறைந்திருக்கும்போது 400 கிராமையும் தாண்டுகிறது. குறைந்த சுமையில் ஏன் இவ்வளவு வீணாகிறது என்பதற்கு விடை த்ரோட்டிலில் இருக்கிறது. த்ரோட்டில் என்பது இன்ஜினுக்குக் காற்று செல்லும் குழாயில் உள்ள தட்டு போன்ற கதவு. ஆக்ஸிலரேட்டரைச் சிறிதே மிதித்தால் அது சிறிதே திறக்கிறது, பிஸ்டன்கள் அந்தச் சிறு இடைவெளி வழியாகக் காற்றை வலிந்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது, அந்த உறிஞ்சும் உழைப்புக்கே எரிபொருளில் ஒரு பங்கு போய்விடுகிறது. சுற்று கூடக் கூட உள் உராய்வும் கூடுவதால், கீழ் கியரில் இரைந்துகொண்டு ஏறும் வண்டி இந்த இரண்டு இழப்பையும் ஒருசேரச் சுமக்கிறது. மேல் கியர்க்காரர்கள் சொல்வதில் உள்ள பாதி உண்மை இது.

மறுபாதி, சுமை எல்லையைத் தொடும் இடத்தில் தொடங்குகிறது. சாதாரணமாகப் பெட்ரோல் இன்ஜினின் கணினி ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைக் கடைப்பிடிக்கும். எத்தனால் கலக்கும்போது இந்த எண் சற்று மாறும், கொள்கை மாறாது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டிருக்கும்போது, பாகங்கள் அளவுக்கு மீறிச் சூடாகாமலிருக்கவும் கடைசிச் சொட்டு வலுவைப் பெறவும், பல இன்ஜின்களில் அந்தக் கணினி காற்றின் விகிதத்தை 12 அல்லது 13-க்குக் குறைத்து எரிபொருளை மிகுதியாகத் தெளிக்கிறது. அப்படித் தெளிக்கப்பட்டதில் ஒரு பகுதி முழுமையாக எரியாமலேயே வெளியேறுகிறது. இதற்கும் மேலாக, சுற்று குறைந்து சுமை மிகுந்த நிலையில் சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறி வெடிக்கத் தலைப்படும். மெக்கானிக்குகள் ‘இன்ஜின் நாக் அடிக்குது’ என்று சொல்வது இதைத்தான். நாக் அடிப்பதை உணர்ந்த கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. இன்ஜின் தப்பிக்கிறது, ஆனால் அதே பெட்ரோலுக்குக் கிடைக்கும் வலு குறைகிறது. ஆகவே, மேல் கியரில் திணறியபடி ஏறும் வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்துவதாகத் தோன்றினாலும் உண்மையில் மிச்சப்படுத்துவதில்லை.

இந்த இரு எல்லைகளுக்கு நடுவே சரியான கியர் எங்கே இருக்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஐந்து கியர் கொண்ட, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் பொருத்திய சிறிய கார் ஒன்று, 1,200 கிலோ மொத்த எடையோடு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். வழக்கமான கியர் விகிதங்களின்படி, அந்த வேகத்தில் ஃபர்ஸ்ட் கியரில் இன்ஜின் சுமார் 4,000 சுற்றும், செகண்டில் 2,200 சுற்றும், தேர்டில் 1,500 சுற்றும், நான்காவதில் 1,100 சுற்றும் சுற்றும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சரிவில் தேர்ட் கியருக்குச் சுமார் 51 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. எட்டு மீட்டர் உயரும் சரிவில் அது 65 ஆகிறது, நான்காவது கியருக்கோ 87 ஆகிறது. இத்தகைய இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 110 நியூட்டன் மீட்டரை ஒட்டியது என்றாலும், அது 4,000 சுற்றுக்கு மேல்தான் கிடைக்கும். 1,500 சுற்றில் அதில் ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலே நல்லது.

அதிலும் உயரம் ஒரு கழிவு போடுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. பெங்களூரு வண்டி ஒன்று வீட்டு வாசலிலேயே சென்னை வண்டியைவிட ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு குறைந்த வலுவோடுதான் புறப்படுகிறது. நந்தி உச்சியில் குறைவு 13 விழுக்காட்டை ஒட்டுகிறது. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆக, நந்திச் சரிவில் 1,500 சுற்றில் அந்தக் காரின் கையில் இருப்பது சுமார் 77 நியூட்டன் மீட்டர். ஆறு விழுக்காட்டுச் சரிவு கேட்கும் 51-ஐக் கொடுத்த பிறகும் கையிருப்பு இருக்கிறது, இன்ஜினும் தன் சிக்கனப் பகுதிக்கு அருகில் இருக்கிறது, எனவே அங்கே தேர்டே சரி. எட்டு விழுக்காட்டில் 65 கொடுத்தால் மீதி சொற்பம், அத்துடன் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் அதன் கம்ப்ரசர் தன் பங்குக்கு 10 முதல் 15 நியூட்டன் மீட்டரை எடுத்துக்கொள்ளும், கணக்கு விளிம்பைத் தொட்டுவிடும். ஏ.சி.யை அணைத்தவுடன் வண்டி ‘இழுக்கத்’ தொடங்குவதாகப் பயணிகள் உணர்வது பிரமையன்று. நான்காவது கியர் கேட்கும் 87 அந்த உயரத்தில் இன்ஜினிடம் இல்லவே இல்லை.

எரிபொருள் செலவாக இதை மாற்றிப் பார்த்தால் கிடைக்கும் தொகைகள் சற்று வியப்பூட்டுபவை. இன்ஜினின் திறன் தேர்டில் 30 விழுக்காடு, செகண்டில் 28, இரைந்துகொண்டு ஏறும் ஃபர்ஸ்டில் 20 என்று தோராயமாக வைத்துக்கொண்டால், நந்தி ஏற்றத்துக்குத் தேர்டில் 860 மில்லிலிட்டரும், செகண்டில் 920-ம், ஃபர்ஸ்டில் 1,290-ம் செலவாகும். தேர்டுக்கும் செகண்டுக்கும் உள்ள வேறுபாடு 60 மில்லிலிட்டர், அதாவது ஏழெட்டு ரூபாய்கூட இல்லை. செகண்டுக்கும் ஃபர்ஸ்டுக்கும் இடையிலோ ஒரு பெரிய டம்ளர் நிறையப் பெட்ரோல் வித்தியாசம். தேர்டா செகண்டா என்று ஐயம் எழும் இடத்தில் தயங்காமல் செகண்டுக்கு இறங்கிவிடலாம், அதனால் குடி முழுகிப்போவதில்லை. தவிர்க்க வேண்டியவை, தேவையில்லாத ஃபர்ஸ்டும் திணறும் மேல் கியரும் ஆகிய இரு கோடிகளே.

கணக்கு எதுவும் இல்லாமல் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இதை அறிய வழி உண்டு. ஏறிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை இன்னும் சிறிது அழுத்திப் பார்த்தால், வண்டி உடனே முன்னேறினால் அந்தக் கியரில் கையிருப்பு இருக்கிறது என்று பொருள். மிதி கீழே போகப் போக ஓசை மட்டும் கனத்து, ஸ்டியரிங்கிலும் தரையிலும் ஓர் அதிர்வு பரவி, வேகமுள் அசையாமல் நின்றால் ஒரு கியர் இறக்க வேண்டிய வேளை கடந்துவிட்டது. டர்போ பொருத்திய இன்ஜின்களில் இந்த எல்லை இன்னும் கூர்மையானது: சுமார் 1,500 சுற்றுக்குக் கீழே டர்போ காற்றைத் திரட்டித் தருவதில்லை என்பதால் வண்டி படுத்துவிடுகிறது, அந்த நிலையில் மிதியை அடிவரை அழுத்திப் பிடிப்பது டர்போ பெட்ரோல் இன்ஜின்களின் பிஸ்டனுக்கே கேடு. எல்லைக்கு மேலே இருக்கும்வரை டர்போ வண்டிகளுக்கு மலையில் ஒரு வரம் உண்டு, உயரத்தால் மெலிந்த காற்றை அவை அழுத்தி ஈடுசெய்துகொள்கின்றன.

மலைச்சாலை ஒரே சரிவாக இருப்பதில்லை என்பதால் ஒரே கியரும் உச்சிவரை செல்லாது. மலைப்பகுதிச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள நெறிகளின்படி, 3,000 மீட்டர் உயரம் வரையிலான செங்குத்தான நிலப்பகுதிகளில் வழக்கமான சரிவு ஆறு விழுக்காடு, தவிர்க்க முடியாத இடங்களில் எட்டு விழுக்காடு வரை போகலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் சரிவும் ஏறத்தாழ இதே எட்டு விழுக்காடுதான் என்பதிலிருந்து, சாதாரண ரப்பர் டயர் செய்யும் வேலையின் அளவு புரியும். கொண்டை ஊசி வளைவில் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர், சரிவு இரண்டரை விழுக்காட்டுக்கு மிகாமல், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றும் அந்த நெறிகள் கூறுகின்றன. மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிப் பாதை போன்ற பழைய சாலைகள் இந்த அளவுகோலைப் பார்த்துப் போடப்பட்டவையல்ல. இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடப்புறம் திரும்பும் கொண்டை ஊசியில் வண்டி வளைவின் உள்விளிம்பை ஒட்டிச் செல்கிறது. அங்கே தூரம் குறைவு, உயரமோ அதேதான், ஆகவே சரிவு மிகக் கடுமை. வலப்புறம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பைச் சுற்றிச் செல்வதால் அதே வளைவு எளிதாகிறது. சுமையேற்றிய வண்டி வலப்புற வளைவைச் செகண்டில் கடந்துவிட்டு, அடுத்த இடப்புற வளைவில் ஃபர்ஸ்ட் கேட்பது இதனால்தான்.

கியரை மாற்றும் இடமும் கியரைப் போலவே முக்கியமானது. எட்டு விழுக்காட்டுச் சரிவில் கிளட்சை மிதித்த கணத்திலிருந்து வண்டி ஒவ்வொரு வினாடிக்கும் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் வேகத்தை இழக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்த பிறகு, பாதியில் கியரைத் தேடி இரண்டு வினாடி கழித்து கிளட்சை விட்டால், கையில் இருப்பது 18 கிலோமீட்டர்தான்; மாற்றிய கியரும் போதாமல் போய், மீண்டும் ஒன்று இறக்க நேரிடும். வளைவுக்குச் சற்று முன்பே, வண்டி நேராகச் சென்றுகொண்டிருக்கும்போதே செகண்டுக்கு வந்துவிட்டு, வளைவு முழுவதும் மிதியைச் சீராக வைத்திருந்து, எதிர்வரும் சாலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு தேர்டுக்குச் செல்வது காட் ரோடு ஓட்டுநர்களின் பழைய பழக்கம். இழந்த வேகத்தைத் திரும்பச் சேர்ப்பதற்கு ஆகும் எரிபொருள், கியர் தேர்வால் மிச்சமாகும் எரிபொருளை எளிதில் விழுங்கிவிடும் என்பதால், சிக்கனத்தின் பெரும்பகுதி நிற்காமல் செல்வதில் அடங்கியிருக்கிறது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற இந்தியச் சாலை விதியும் இதற்கு உதவுகிறது. வார இறுதிச் சுற்றுலாக் கூட்டத்தில் அந்த விதியை மதிப்பவர்களைக் காண்பது அரிது.

கூட்டம் என்றதும் நந்தியின் ஞாயிறு அதிகாலை வரிசையைச் சொல்லாமல் விட முடியாது. சரிவில் ஊர்ந்து நிற்கும் வண்டிகளில் பலவற்றை, பிரேக்கை மிதிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து நிறுத்தியிருப்பார்கள். அப்போது இன்ஜின் செய்யும் வேலை அனைத்தும் வண்டியை ஓர் அங்குலமும் நகர்த்தாமல் கிளட்ச் தட்டைச் சூடாக்குவதற்கே போகிறது. சற்று நேரத்தில் கிளம்பும் கருகல் வாடை அதன் சாட்சி. பெட்ரோல் வீணாவது ஒருபுறமிருக்க, கிளட்ச் தட்டை மாற்ற ஆகும் பல ஆயிரம் ரூபாய்க்கு முன்னால் ஆயுள் முழுவதும் கியர் பார்த்து மிச்சப்படுத்திய தொகை நிற்காது. கை பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டு, முன் வண்டி இரண்டு மூன்று வண்டி நீளம் நகர்ந்த பிறகு ஒரே வீச்சில் ஏறுவதே இரண்டுக்கும் நல்லது.

தானியங்கிக் கியர் வண்டிகளில் இந்தத் தேர்வை இயந்திரமே செய்கிறது என்று விட்டுவிட முடியாது. 2014-இல் மாருதி செலிரியோவோடு இந்தியச் சந்தைக்கு வந்த ஏ.எம்.டி. என்னும் தானியங்கி முறையில், சாதாரண கியர்பெட்டியின் கிளட்சையும் கியர் மாற்றத்தையும் தனிக் கருவிகள் இயக்குகின்றன. அடுத்து வருவது வளைவு என்று அந்தக் கருவிகளுக்குத் தெரியாது. மிதியைத் தளர்த்தியவுடன் மேல் கியருக்குப் போய், வளைவின் நடுவே இறங்கி, மறுபடியும் ஏறி, வண்டி ஒவ்வொரு முறையும் தயங்கி நிற்கும். கியர் கம்பியை எம் என்ற கைமுறை நிலைக்குத் தள்ளி, செகண்டில் நிறுத்திவைத்தால் தொல்லை தீர்ந்தது. பிற வகைத் தானியங்கிகளில் எல் அல்லது ஸ்போர்ட் நிலை இதே வேலையைச் செய்யும்.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்து ஏறியவர்கள், இறங்கும்போது அத்தனையையும் கோட்டை விடுவதுதான் இந்த விஷயத்தின் விசித்திரமான பகுதி. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்ற நம்பிக்கை அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்திலிருந்து வருவது. கார்புரேட்டர் பொருத்திய அந்த வண்டிகளில், கியரில் இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றியபடி பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருந்ததால், நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை இருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை பரவியபோது அந்த அடிப்படை போய்விட்டது. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன என்பதை உணர்ந்து கணினி பெட்ரோலை முற்றாக நிறுத்திவிடுகிறது. சுற்று ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்போதுதான் மீண்டும் திறக்கிறது. நியூட்ரலிலோ இன்ஜின் அணைந்துவிடாமலிருக்க மணிக்கு அரை லிட்டருக்குமேல் பெட்ரோல் தொடர்ந்து செலவாகிறது. நந்தியிலிருந்து கால் மணி நேரம் நியூட்ரலில் இறங்கினால் சுமார் 150 மில்லிலிட்டர் போகும். ஏறும்போது செகண்டுக்குப் பதில் தேர்டைப் பிடித்து மிச்சப்படுத்திய 60 மில்லிலிட்டரைப்போல இது இரண்டரை மடங்கு.

லாரிகளுக்கு அந்தப் பழைய நியாயம்கூட ஒருபோதும் முழுமையாகப் பொருந்தியதில்லை. 1951-இல் தொடங்கப்பட்டு, மைக்கோ என்ற பெயரில் பெங்களூருவின் ஆடுகோடியில் வளர்ந்து, 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய நிறுவனம் இந்திய லாரிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக டீசல் பம்புகளைத் தயாரித்து வந்தது. கணினி எதுவுமில்லாத காலத்து டீசல் பம்பிலும் கவர்னர் என்ற ஓர் உறுப்பு உண்டு. மிதியை விட்ட நிலையில் இன்ஜின் ஐட்லிங்கைவிட வேகமாகச் சுற்றினால், சுழலும் எடைகள் விரிந்து டீசலை அடைத்துவிடும். அப்படியிருந்தும் பெங்களூரு, சேலம் இடையிலான தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர்க் கணவாய் விபத்துகளுக்குப் பேர் போனதற்கு, டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கனரக வண்டிகளை நியூட்ரலில் இறக்குவது ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டப்பட்டு வருகிறது. 25 டன் எடையுள்ள லாரி 200 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 5 கோடி ஜூல். 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான அந்த வெப்பம், இன்ஜின் பிரேக் இல்லாவிட்டால், பிரேக் லைனிங்குகளின்மீது இறங்குகிறது. சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கிறது. இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்கும் லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரும் நின்றுபோயிருக்கும். ‘ஏறின கியர்லயே இறங்கு’ என்று மூத்த ஓட்டுநர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பாதுகாப்புக்காக வந்த வாக்கு என்றாலும், எரிபொருள் கணக்கும் அதன் பக்கமே நிற்கிறது.

எல்லா ஏற்றமும் நந்தியைப்போல வாங்கியதைத் திருப்பித் தராதவை அல்ல. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறிய காருக்கு, காற்றின் தடையும் உருளல் தடையும் சேர்ந்து சுமார் மூன்று விழுக்காட்டுச் சரிவுக்குச் சமமாக இருக்கின்றன. அதற்குக் குறைவான சரிவில் இறங்கும்போது பிரேக்கைத் தொடவே தேவையில்லை, மலை தந்த ஆற்றல் முழுவதும் வண்டியைச் செலுத்துவதில் செலவாகிறது. சமவெளிச் சாலைகளுக்கு வகுக்கப்பட்டுள்ள 3.3 விழுக்காடு என்ற வழக்கமான சரிவு வரம்பு இந்த அளவுக்கு மிக அருகில் இருப்பது கவனிக்கத்தக்கது. சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு ஏறக்குறைய 900 மீட்டர் ஏறுவதற்கு ஒரு சிறிய கார் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குக் கூடுதலாகக் குடிக்கிறது, திரும்பும்போது அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. போகும்போது ஒரு மைலேஜும் வரும்போது ஒரு மைலேஜும் காட்டும் வண்டியைப் பார்த்து மெக்கானிக்கிடம் முறையிடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டாப் கியரைவிட்டு இறங்காமல் ஏறக்கூடிய சாலை இது. ஆறும் எட்டும் விழுக்காடான சரிவுகளிலோ, தடைகளுக்குப் போக மிஞ்சும் ஆற்றல் அனைத்தும் பிரேக்கிலோ இன்ஜினிலோ வெப்பமாகித் தொலைகிறது.

கியர் மாற்றும் வேலையே இல்லாத மின்கார்கள் அந்தத் தொலைந்த பங்கில் ஒரு பகுதியை மீட்கின்றன. 1,500 கிலோ எடையுள்ள மின்கார் நந்தி ஏற ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம் பிடிக்கும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, சக்கரங்களின் வேகத்தைத் தடுத்தபடி சுமார் ஒரு யூனிட்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரியில் இடம் இருந்தால்தான் அது நடக்கும். மலையுச்சி விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, நூறு விழுக்காட்டோடு காலையில் இறங்கத் தொடங்கும் காரில், திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ள இடமில்லாததால் மோட்டாரின் தடுப்பும் தளர்ந்துவிடுகிறது. வண்டியைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு மறுபடியும் சாதாரண பிரேக்குக்கே வந்து சேர்கிறது. உதகையிலோ கொடைக்கானலிலோ தங்குபவர்கள் சார்ஜை 80 அல்லது 90 விழுக்காட்டில் நிறுத்திக்கொண்டால், மேட்டுப்பாளையத்தையோ வத்தலக்குண்டையோ அடையும்போது பேட்டரியின் அளவு குறையாமல், சில வேளைகளில் ஏறியும்கூட இருக்கும்.